சிமென்ட் மேடையில பரதம், பிள்ளைக்கு சாக்ஸ் போடலாமா?

கேள்வி (தக்கலை):
மோளுக்கு 9 வயசு, பரதம் படிக்கா. கோயில் திருவிழாவுல ஆடணும், மேடை சிமென்ட், சாயந்தரமும் சூடு ஆறாது. தோல் கலர்ல சாக்ஸ் போட்டா என்னன்னு மாமியார் கேக்காவ, டீச்சர் வெறுங்கால்தான்னு நிக்காவ. என்ன செய்ய?

பதில் 1:
வேண்டாம்க்கா, வழுக்கிரும். அடவுன்னா பரதத்தோட அடிப்படை ஆட்ட அசைவு; அதுல தட்டடவுல பாதம் முழுசும் பதியணும், நாட்டடவுல குதிகால் ஊனணும், குதிச்சுமெட்டுல முன்பாதத்துல எம்பிட்டு குதிகாலை அடிக்கணும், விரலு தரையைப் பிடிச்சாத்தான் இதெல்லாம் நடக்கும். சாக்ஸ் போட்டா தட்டுற சத்தமும் செத்துரும், சலங்கை மட்டும் தனியா கேக்கும்.

பதில் 2 (சுசீந்திரம்):
எங்க தாணுமாலயன் கோயில்ல தேவதாசிப் பெண்கள் வெறுங்காலோட ஆடுனது கல்தரையிலதான். 1930ல திருவிதாங்கூர் அரசு அந்த முறையை ஒழிச்சிட்டு. 1936ல ருக்மிணி தேவி கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியைத் தொடங்குனாவ, மேடை, லைட்டு, டிரெஸ் எல்லாம் மாறிச்சு, வெறுங்கால் மாறல. அது அந்தப் பெண்கள் தந்தது, பிள்ளைக்கும் சொல்லிக் குடுங்க.

பதில் 3:
எனக்குக் கவலை முட்டுதான், சிமென்ட்ல ஓங்கித் தட்டுனா முட்டும் கணுக்காலும் அடி வாங்கும். கமிட்டிட்ட சொல்லி மரப்பலகை போடச் சொல்லுங்க, ஆணி நீட்டிட்டு நிக்கான்னு கையால தடவிப் பாருங்க. இல்லன்னா மதியமே பந்தல் போட்டு, தண்ணி தெளிச்சு, ஈரம் போவ துடைச்சிருங்க.