பழைய கன்ட்ரி பாட்டு போனால் ஊருக்கு என்ன நஷ்டம்?

கன்சாஸ்வாசி:
எங்கள் ஊரில் இருப்பதே ஒரு ஏஎம் ரேடியோ நிலையம். ஹாங்க் வில்லியம்ஸ், மெர்ல் ஹாகார்ட், லொரெட்டா லின் என்று பழைய கன்ட்ரியாக, அதாவது அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் பாட்டாகப் போடுவார்கள். போன வருடம் ஒரு வெளியூர் கம்பெனி வாங்கியது. திங்கள்கிழமை காரைக் கிளப்பினால் விளையாட்டுப் பேச்சு, அதுவும் சேட்டலைட்டில் எங்கிருந்தோ வருகிறது. காலை ஒன்பது மணிக்கு ஊர்க்காரர்கள் போன் போட்டு ஆட்டுக்குட்டி, டிராக்டர் டயர் விற்கும் நிகழ்ச்சியும் போச்சு. நான் படுக்கும் கட்டிலே அதில் வாங்கியதுதான். 40 டாலர். விற்ற பெரியவரே பிக்கப்பில் ஏற்றிவந்து மாடியில் போட்டுவிட்டுப் போனார்.

கணக்குப்புலி:
அண்ணே, விளம்பரதாரர் தேடுவது 25 முதல் 54 வயதுவரை உள்ளவர்களை. ஹாகார்டுக்கு உருகுகிறவர்களில் பாதிப்பேர் அதைத் தாண்டியாயிற்று. கரண்ட் பில்லை உங்கள் ஏக்கத்தை வைத்தா கட்டுவது? பாட்டு வேண்டுமென்றால் போனில் கிடைக்கிறது.

கன்சாஸ்வாசி:
2002-ல் நாஷ்வில் டபிள்யூஎஸ்எம்மையே விளையாட்டுக்கு மாற்றப் பார்த்தார்கள். 1925-லிருந்து கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சியை ஒலிபரப்பும் நிலையம். நேயர்கள் கொதித்தார்கள், நிர்வாகம் பின்வாங்கியது. கேட்டால் நடக்கும்.

கணக்குப்புலி:
அது 50,000 வாட். ராத்திரியில் எத்தனையோ மாநிலங்களில் கேட்கும். உங்கள் ஊருடையது பொழுது சாய்ந்தால் பவரைக் குறைக்கும் ரகம். இதையும் அதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

பனிமனிதன்:
இரண்டு பேரும் பாட்டிலேயே நிற்கிறீர்கள். ஒரு கம்பெனி நாடு முழுக்க 40 நிலையங்கள்தான் வைக்கலாம் என்ற உச்சவரம்பை 1996-ன் அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் தூக்கியது. கிளியர் சேனல் என்ற ரேடியோ கம்பெனி 1,200-க்கு மேல் குவித்தது. வடக்கு டகோட்டாவின் மைனாட்டில் அப்போது இருந்த ஆறு வணிக நிலையங்களும் அவர்களுடையவையாக இருந்தன. 2002 ஜனவரி 18, விடிகாலை ஒன்றரை மணி வாக்கில் அங்கே சரக்கு ரயில் தடம் புரண்டு அமோனியா பரவியது. எச்சரிக்கை சொல்ல ரேடியோவுக்குப் போன் போட்ட போலீஸுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஒருவர் இறந்தார்.

கணக்குப்புலி:
பாதிக் கதை சொல்லாதீர்கள். ஆள் இருந்தார், வந்து குவிந்த அழைப்புகளில் லைன் கிடைக்கவில்லை என்பது கம்பெனி தரப்பு. போலீஸ் தன் எச்சரிக்கைக் கருவியைச் சரியாக அமைத்திருக்கவில்லை என்றும் சொன்னார்கள்.

பனிமனிதன்:
சரி, அப்படியே இருக்கட்டும். ஆறும் ஆறு முதலாளிகளிடம் இருந்திருந்தால் ஏதாவது ஒரு போன் எடுக்கப்பட்டிருக்காதா?

கணக்குப்புலி:
அதை மறுக்கவில்லை. கன்சாஸ் அண்ணனுக்கு ஒரு யோசனை. ஏஎம் நிலையங்கள் 250 வாட் வரையிலான குட்டி எஃப்எம் டிரான்ஸ்லேட்டரிலும் (நிகழ்ச்சியை எஃப்எம்மில் மறு ஒலிபரப்பும் கருவி) ஒலிபரப்ப 2009-லிருந்து அனுமதி உண்டு. ஊரளவுக்கு அது போதும். நிலையத்தில் பேசிப் பாருங்களேன்.

கன்சாஸ்வாசி:
இன்று காலை பேசினேன் தம்பி. அழைப்பு வேறு மாநிலத்துக்குப் போனது. எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்.