மறுமொழி: ‘டேப்பிங்’ – தட்டலா, ஒற்றலா?

அனைவருக்கும் வணக்கம். தந்தியை மீட்டாமல், இரு கை விரல்களாலும் நேரே ஃபிரெட்டில் (கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியில்) இறக்கி வாசிக்கும் ‘டேப்பிங்’ முறைக்குத் தமிழில் என்ன சொல் என்ற நம் விவாதத்துக்கு என் மறுமொழி இது. மேற்கோள்கள் மற்றவர்கள் எழுதியவை.

> ‘இருகைத் தட்டல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. யாருக்கும் உடனே புரியும்.

உடனே புரிவது வேறொன்றாக இருக்கிறது, அதுதான் என் கவலை. போன மாதம் நான் எழுதிய சிறு இசைத்துண்டு ஒன்றின் குறிப்பில் “இரு கைகளாலும் தட்டவும்” என்று எழுதி, கிதார் வாசிக்கும் நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். தேர்ந்த கலைஞர் அவர். பதிவு செய்து அனுப்பியதைக் கேட்டால், கிதாரின் உடலைத் தாளவாத்தியம் போலத் தட்டியிருக்கிறார். குறிப்பில் இருந்ததைத்தான் செய்திருக்கிறார். கதவைத் தட்டினாலும் தோளைத் தட்டினாலும் பட்டதும் கை திரும்பிவிடும். இந்த வாசிப்பில் கை திரும்பவே கூடாது.

வழக்கமான வாசிப்பில் இடக்கை விரல் தந்தியை அழுத்திச் சுரத்தைத் தீர்மானிக்கிறது, வலக்கை மீட்டி ஒலியை எழுப்புகிறது. டேப்பிங்கில் ஒரே விரல் இரண்டையும் செய்கிறது. வேகமாக இறங்கித் தந்தியை ஃபிரெட்டில் மோதவிடுகிறது. அந்த மோதலில்தான் ஒலி பிறக்கிறது. பிறகு அங்கேயே அழுத்தி நிற்கிறது. விரல் நிற்கும்வரைதான் சுரமும் நிற்கும். ஆக, மீட்டும் வேலையிலிருந்து வலக்கை விடுபட்டு, இரண்டு கைகளும் தனித்தனியாகச் சுரம் எழுப்பலாம்.

பியானோவையும் கிளாவிகார்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு இது தெளிவாயிற்று. பியானோவின் சுத்தியல் தந்தியை அடித்துவிட்டு உடனே விலகிவிடும். அது தட்டல், சந்தேகமில்லை. பியானோவுக்கு முந்தைய கிளாவிகார்டில் கட்டையை அழுத்தினால் ஒரு சிறு உலோகத் தகடு எழும்பித் தந்தியைத் தொட்டு, அங்கேயே நிற்கும். அது தொடும் இடமே சுரத்தைத் தீர்மானிக்கும். தகட்டுக்கு ஒரு பக்கம் உள்ள தந்தி ஒலிக்கும், மறுபக்கம் ஒலிக்காதபடி துணி சுற்றியிருப்பார்கள். நாமும் கிதாரின் தலைப்பக்கம் ஒரு துணிப்பட்டையைக் கட்டிக்கொண்டுதானே வாசிக்கிறோம்? கிளாவிகார்டில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் சுரத்தை அசைக்கலாம். இங்கும் விரல் தந்தியிலேயே இருப்பதால் அசைவு கொடுக்கலாம், கமகம்கூடப் பிடிக்கலாம். விலகிப்போன சுத்தியலால் அது முடியாது.

அதனால்தான் ஒற்றல் என்ற சொல்லை முன்வைக்கிறேன். முத்திரையை ஒற்றுகிறோம், கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். பட்டு, அழுத்தி, கணநேரமாவது நிற்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மின்கிதாரில் இம்முறைக்கு 1952இல் பாடநூல் எழுதிய ஜிம்மி வெப்ஸ்டர் இதற்கு வைத்த பெயர் ‘டச்’, அதாவது தொடுதல். 1969இல் இரு கைகளையும் தந்திகளுக்குக் குறுக்கே, ஃபிரெட்டுகளுக்கு இணையாக நீட்டி வாசிக்கும் முறையைக் கண்டு, 1974 முதல் அதற்கென்றே ஸ்டிக் என்ற கருவியை விற்ற எம்மெட் சாப்மன், தன் முறையைக் ‘கட்டற்ற கைகள்’ என்ற பொருளில் அழைத்தார். இந்த முன்னோடிகளே தங்கள் முறைக்குத் தட்டல் என்று பெயர் வைக்கவில்லை. நாம் ஏன் வைக்க வேண்டும்?

> வான் ஹேலன் வாசிப்பதும் இதுதானே? ஒரே சொல் போதாதா?

போதாது என்று நினைக்கிறேன். 1978இல் வந்த தொகுப்பில் ராக் கிதார் கலைஞர் எடி வான் ஹேலன் செய்தது பெரும்பாலும் ஒரே தந்தியில். வலக்கை விரல் ஒற்றும், பிறகு தந்தியைச் சுண்டிவிட்டு விலகும், இடக்கை மீதிச் சுரங்களை முடிக்கும். இரண்டு கைகளும் சேர்ந்து ஒரே குரல். 1985இல் ஜாஸ் கிதார் கலைஞர் ஸ்டான்லி ஜோர்டனின் தொகுப்பில் கேட்பது இரண்டு குரல்கள்: இடக்கையில் கீழ்க்குரலும் துணைச்சுரங்களும், வலக்கையில் பாட்டு. முதலாவதை ‘ஒற்றிச் சுண்டல்’ என்றும், இரண்டாவதை மட்டும் ‘இருகை ஒற்றல்’ என்றும் பிரிக்கலாம். இசை அமைப்பவருக்கு இந்த வேறுபாடுதான் எல்லாம். ஒரு தந்தியில் இரண்டு கைகளும் அழுத்தினால் மேலே உள்ள சுரம் மட்டுமே கேட்கும். ஆகவே இரண்டு குரல்கள் வேண்டுமென்றால் எந்தத் தந்தி எந்தக் கைக்கு என்று எழுதும்போதே பங்கிட வேண்டும். (ஜோர்டன் ஒவ்வொரு தந்திக்கும் அடுத்த தந்தி மத்திமமாக, அதாவது நான்காம் சுரமாக, வரும்படி சுருதி கூட்டுகிறார். வழக்கமான சுருதியில் ஒரே ஓரிடத்தில் அது மூன்றாம் சுரமான காந்தாரமாகிவிடும், விரல்வடிவம் மாறிவிடும். இரண்டு கைகளுக்கும் தனித்தனியே யோசிக்கும்போது அந்த ஓரிடம் படுத்தும் பாடு பெரிது.)

> ஒற்று என்றால் மெய்யெழுத்து. ஒற்றன் என்றால் உளவாளி.

சரியான கேள்வி. வினைப்பெயராக ‘ஒற்றல்’ என்றே எழுதினால் மெய்யெழுத்துக் குழப்பம் வராது. வாசிப்பவரை மட்டும் ‘ஒற்றுநர்’ என்றெல்லாம் ஆக்காமல் ‘ஒற்றிசைக் கலைஞர்’ என்போம்.

சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் வரும் வாசிப்புமுறைச் சொற்களிலிருந்து எடுக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என எட்டும் எனக்கு மிகப் பிடித்த சொற்கள். ஆனால் அவை யாழுக்கு உரியவை. யாழில் நரம்புக்கு ஒரு சுரம், ஃபிரெட்டில் வைத்து அழுத்தும் வேலையே இல்லை. பழைய சொல் என்பதற்காக அதன் பொருளை வளைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஃபிரெட்டுக்கு வீணைக்காரர்களின் ‘மெட்டு’ இருக்கிறது, வீணையில் 24 மெட்டுகள். ஆனால் சொந்த இசையைப் பற்றி எழுதும்போது “என் மெட்டு” என்றால் எல்லாரும் பாட்டின் மெட்டு என்றே படிப்பார்கள். நான் இப்போதைக்கு ஃபிரெட் என்றே விடுகிறேன்.

பதிவுக்கூடத்தில் இந்தச் சொல் இன்னும் உதவுகிறது. ஒற்றலின் ஒலி இயல்பிலேயே மெலிது, அதனால்தான் இதற்குப் பெரும்பாலும் மின்கிதார் வேண்டியிருக்கிறது. ஒலியைப் பெருக்கி, ஒலியின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரெசரால் சமன் செய்யும்போது விரல் ஃபிரெட்டில் இறங்கும் ‘டக்’ என்ற சத்தமும் கூடவே பெரிதாகிறது. அதை ‘ஒற்றொலி’ என்று குறித்து வருகிறேன். “இரண்டாவது பதிவில் ஒற்றொலி அதிகம், மேல்வரிசை அதிர்வெண்களைக் குறைக்கவும்” என்று எழுதினால் கலவை செய்பவருக்குப் புரிந்துவிடுகிறது. தலைப்பக்கத் துணிக்கு ‘அடக்கி’. ஸ்டிக்கில் கீழ்க்குரல் தந்திகளும் பாட்டுத் தந்திகளும் தனித்தனி வழியாக வெளிவரும், ஆறு தந்திக் கிதாரில் பொதுவாக எல்லாம் ஒரே வழிதான். அதனால் சமநிலையைக் கையிலேயே கொண்டுவர வேண்டும். அதற்கு ‘ஒற்றழுத்தம்’ என்று ஒரு குறிப்புச்சொல்லும் தேவைப்படுகிறது.

என் அடுத்த பதிவின் அறிமுகக் குறிப்பை இந்த வாரம் முடிக்க வேண்டும். வலுவான மறுப்பு வராவிட்டால் அதில் ‘இருகை ஒற்றல்’ என்றே எழுதுவேன். ஒன்றே ஒன்று பாக்கி: தந்தியைச் சுண்டாமல் விரலை மெல்லத் தூக்கிச் சுரத்தை அடக்குவதற்கு ஒரு சொல் வேண்டும். ‘விடல்’ என்று வைத்திருக்கிறேன், நிறைவாக இல்லை. வீணை வாசிப்பவர்கள் யாராவது வகுப்பில் இதற்கு என்ன சொல்வார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.