வன்முறை நடந்த ஊரில் நினைவுக்கூடம்: எங்கே தொடங்குவது?

அரூர்ப்பக்கம் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. அரூர் பக்கம் எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஒரு பழைய ஓட்டுக் கட்டடம் கிடைத்திருக்கிறது. இருபதுக்குப் பதினாறடியில் ஒரு கூடம், ஒட்டினாற்போல ஒரு சின்ன அறை. வாச்சாத்தி வழக்கை (1992 ஜூன் 20-இல் சந்தனக் கடத்தல் சோதனை என்று வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி ஊரில் நடத்திய வன்முறை, பாலியல் வல்லுறவு பற்றியது) மையமாக வைத்து ஒரு நினைவுக்கூடம் அமைக்கலாம் என்று பேச்சு. போட்டோ மாட்டி, வருஷா வருஷம் ஜூன் 20 அன்று மெழுகுவத்தி ஏற்றினால் போதும் என்கிறார்கள் சிலர். பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போகும்போது தங்கள் உரிமை பற்றி ஏதாவது பிடிபட வேண்டும் என்பது என் ஆசை. எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது?

ஆவணக்கட்டு

கட்டடம் காத்திருக்கும். முதலில் ஊரில் பாதிக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். "வேண்டாம்" என்று அவர்கள் சொன்னால் அத்தோடு விட்டுவிட வேண்டும்.

சரி என்றால் அடுத்தது சட்டம். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவின்படி குற்றம் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 228ஏ). இரண்டு ஆண்டு வரை சிறை. அவரே எழுத்தில் அனுமதி தந்தால் விலக்கு உண்டு. அப்போதும் யோசித்துச் செய்யுங்கள். முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று நினைப்பதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. சின்ன ஊரில் கையில் குத்திய பச்சை, வீட்டுத் திண்ணை, குரல், இதில் ஒன்று போதும், ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

ஒப்புதலை மூன்றாகப் பிரித்து வாங்குங்கள்: பதிவு செய்ய, பாதுகாக்க, காட்சிக்கு வைக்க. மூன்றுக்கும் தனித்தனிக் கையெழுத்து. கைநாட்டு என்றால், அவர் நம்பும் ஒரு பெண் பக்கத்தில் இருக்க, முழுசாகப் படித்துக் காட்டிவிட்டு வாங்குங்கள். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்ற வரி அதிலேயே இருக்கட்டும்.

கேள்வியும் அந்த ஒரு நாளைப் பற்றி வேண்டாம். வீடு எப்படி இருந்தது, கிணறு எங்கே, கோர்ட்டுக்கு எந்த பஸ்ஸில் போனீர்கள், அன்றைய கூலி என்ன ஆயிற்று என்று கேளுங்கள். தீர்ப்பு வர 19 ஆண்டு. அந்த அலைச்சலை விசாரித்துப் பதிந்தாலே ஒரு சுவர் நிரம்பும்.

பதிவுக்கு காலர் மைக், வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஸ்டீரியோவில் மணிக்கு ஒரு ஜிபி ஆகும். ஃபேனை நிறுத்திவிடுங்கள். வாட்ஸப் வாய்ஸ் மெசேஜ் குரலைச் சுருக்கிவிடும், ஆவணத்துக்கு உதவாது. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஒதுக்குங்கள். பிரதி மூன்று, அதில் ஒன்று வெளியூரில்.

சுவரில் ஏறும் எண்களைத் தீர்ப்பு நகலோடு ஒத்துப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269. விசாரணைக் காலத்திலேயே இறந்தவர்கள் 54. தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29-இல் தண்டித்தது 215 பேரை: வனத்துறை 126, காவல்துறை 84, வருவாய்த்துறை 5. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்குத் தலா ரூ.10 லட்சம், அதில் பாதியைப் பாலியல் வல்லுறவுக் குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில்தான். அவசரத்தில் "269 பேருக்கும் தண்டனை" என்று எழுதிவிட்டால், மறுப்பவர்களுக்கு அந்த ஒரு வரி போதும்.

சும்மா_ஒரு_ஆள்

முப்பது வருஷத்துக் கதையை இப்போது கிளறி என்ன ஆகப்போகிறது? தீர்ப்புதான் வந்துவிட்டதே.

ராயக்கோட்டை ரோடு

ஆகும் சார். காட்டு நிலத்துக்கு உரிமை கேட்டு மனுப் போட வழி செய்யும் வன உரிமைச் சட்டம், 2006-க்கான விதிகளில் 13-ஆவதைப் பாருங்கள். மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்கினால் அது சான்று. பழைய வீடு, கிணறு, இடுகாடு, சாமி கும்பிடும் இடம் எல்லாம் சான்றுக் கணக்கில் வரும். ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும், அவ்வளவுதான். தனிநபர் நிலத்துக்குப் படிவம் 'அ', சமூக உரிமைக்குப் படிவம் 'ஆ', இரண்டும் கிராம சபை வழியாக. வாய்மொழி வரலாறு பதியும்போதே இடத்தின் பெயர், எல்லை, எத்தனை தலைமுறை என்பதைக் கேட்டு, தனித் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் ஒரே உழைப்பில் இரண்டு வேலை முடியும். சம்பவத்தை மட்டும் பதிந்துவிட்டு வருபவர்கள் இந்த வாய்ப்பை விட்டுவிடுகிறார்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குவாரிக் கொத்தடிமைகளுக்கும் ஒரு மூலை ஒதுக்குங்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. மீட்கப்பட்டவருக்குத் தரும் விடுதலைச் சான்றின் நகலை, பெயர், ஊர், குவாரி விவரத்தை மறைத்துப் பெரிதாக்கி மாட்டலாம். நிவாரணமும் மறுவாழ்வும் அந்தத் தாளை வைத்துத்தான் நகரும் என்று பார்ப்பவருக்குப் புரிய வேண்டும்.

இடையில் ஒன்று: தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் நடுகல்லுக்குப் பேர்போனவை. எந்த மன்னன் ஆட்சியாண்டு, மாடு கவர்ந்த எந்தச் சண்டை, செத்தவன் யார், இதையெல்லாம் இரண்டு மூன்று வரியில் வெட்டிவைத்தார்கள். நம் ஆட்கள் ஃப்ளெக்ஸில் அதைவிட நிறைய எழுதி, அதைவிடக் குறைவாகச் சொல்கிறார்கள்.

கூடம்_சுவர்

வெளியே செய்திருப்பவர்களைப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது. போபாலில் விஷவாயு பாதித்தவர்கள் 2014-இல் திறந்த கூடத்தில் அரசுப் பணமும் கிடையாது, கம்பெனிப் பணமும் கிடையாது. பழைய டெலிபோன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் பாதிக்கப்பட்டவர் பேசுவது கேட்கும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் கேட்பதால் கூட்டத்தின் சலசலப்பு இடையில் வராது. உங்கள் சின்ன அறைக்கு இது பொருந்தும்; குரலுக்குச் சொந்தக்காரர் சம்மதிக்காவிட்டால் வேறொருவரைப் படிக்கவையுங்கள், படிப்பது வேறொருவர் என்று எழுதியும் வையுங்கள்.

கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியை 1966-இல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து அறுபதாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றினார்கள். 1994-இல் திறந்த அருங்காட்சியகத்தில் தரை முழுக்க அந்தத் தெருக்களின் வரைபடம். பழைய குடியிருப்பாளர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதினார்கள். டாக்காவின் விடுதலைப்போர் அருங்காட்சியகம் மாணவர்களையே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்பச் சொல்கிறது. பள்ளிகளுக்கு இதுதான் சுலபமான வழி, ஆனால் பாலியல் வன்முறை பற்றிக் கேட்கப் பிள்ளைகளை அனுப்பவே அனுப்பாதீர்கள்.

கெட்டுப்போன உதாரணமும் உண்டு. ரஷ்யாவில், சோவியத் காலத்து அரசியல் கைதிகளை அடைத்த பெர்ம்-36 முகாம் அருங்காட்சியகத்தை 2014 வாக்கில் அரசுத் தரப்பு கையில் எடுத்ததும், கைதிகளின் கதை பின்னுக்குப் போய்க் காவலர்களின் பணி முன்னுக்கு வந்துவிட்டது. அதனால் பதிவுகளின் உரிமை யாருடையது, நிர்வாகம் கைமாறினால் பிரதி எங்கே போகும் என்று முதல் நாளே டிரஸ்ட் பத்திரத்தில் எழுதிவிடுங்கள்.

அரூர்ப்பக்கம்

ரொம்ப நன்றி. எழுத்துப் பலகை, பழைய காகிதம் பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.

ஆவணக்கட்டு

பலகைக்கு அறுபது எழுபது சொல், எழுத்து 30 பாயிண்டுக்குக் குறையாமல். தமிழுக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும், இல்லையென்றால் மேல்வரி எழுத்தின் கீழ்ச்சுழியும் கீழ்வரி எழுத்தின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 செ.மீ.; பிள்ளைகள் அதிகம் வருவார்கள் என்றால் பத்துப் பதினைந்து குறையுங்கள். ஃப்ளெக்ஸ் பளபளக்கும், படிக்க முடியாது. பளபளப்பில்லாத மேட் பிரிண்ட் எடுத்து சன்போர்டில் (கெட்டியான ஃபோம் பலகை) ஒட்டுங்கள்.

மூலத்தாளை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். இரண்டையும் பிறகு பிரிக்க முடியாது. காட்சிக்கு நகல் போதும். மூலம் அமிலமற்ற உறையில், இரும்பு அலமாரியில், தரையிலிருந்து அரை அடி உயரத்தில், சுவரைத் தொடாமல் இருக்கட்டும். ஓட்டுக் கட்டடம் என்பதால் மழைக்கு முன் ஒழுகலையும் கரையானையும் பார்த்துவிடுங்கள்.

வாசலை ஒட்டிய சுவரை இன்றைக்கு வேண்டிய விவரங்களுக்கு விட்டுவையுங்கள். எஃப்ஐஆர் நகல் புகார்தாரருக்கு இலவசம். பெண்ணைச் சூரியன் மறைந்த பிறகு கைது செய்ய மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும். இலவச சட்ட உதவிக்கு 15100, எஸ்சி, எஸ்டி மக்கள் மீதான வன்கொடுமைப் புகாருக்கு 14566. கீழே ஒரு மேசை, வன உரிமைப் படிவங்கள், நூல் கட்டிய பேனா. படிவம் தீர்ந்தால் யார் ஜெராக்ஸ் எடுத்து வைப்பது என்பதை மட்டும் ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.