நிறமில்லாத பத்துக் குப்பி, பேரில்லாத பிளாஸ்டிக் துண்டு: தடயவியல் போட்டி மேசையில் கண்டவை

திருமங்கலம், வேதியியல் ஆசிரியை:

பள்ளிப் பிள்ளைகளுக்கான தடயவியல் போட்டியில் பேர் எழுதாத திரவங்களையும் பிளாஸ்டிக் துண்டுகளையும் சோதித்து இன்னதென்று சொல்ல வேண்டும். திரவத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். மேசையில் வைப்பது பெரும்பாலும் வீட்டுச் சரக்குதான்: தண்ணீர், வினிகர், எலுமிச்சைச் சாறு, அம்மோனியா, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், அசிட்டோன். வேதியியல் தெரியாமல் பிள்ளைகள் தோற்பதில்லை, சாம்பிளைத் தீர்த்துவிட்டுத் தோற்கிறார்கள். 10 மி.லி. கொடுத்தால் 3 மி.லி.யை மூடி ஓரமாக வைத்துவிடச் சொல்லுங்கள். மிச்சத்தில் ஒரு சோதனைக்கு மூன்று சொட்டு போதும். காலி மாத்திரை அட்டையின் குழிகள் இதற்கு நல்ல தட்டு. அசிட்டோனாக இருக்குமோ என்று தோன்றினால் மட்டும் பீங்கான் தட்டுக்கு மாறுங்கள். அட்டை பெரும்பாலும் பி.வி.சி., அசிட்டோன் பட்டால் இளகிக் கலங்கிவிடும்.

எங்கள் வரிசையில் முதலில் மஞ்சள் தாள். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை 20 மி.லி. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கலக்கி, வடிகட்டி, வடிதாளை நனைத்து நிழலில் காயவையுங்கள். காரம் பட்டால் செங்காவி நிறம் வரும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் குங்குமம் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதில்லை. ஆனால் தாளை அத்தோடு தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பத்து நிமிடம் காற்றில் விட்டுப் பாருங்கள். அம்மோனியாவின் சிவப்பு மெல்ல வெளிறி மஞ்சளாகவே திரும்பும், ஏனென்றால் அம்மோனியா ஆவியாகிப் போய்விடும். சலவைச் சோடாவின் சிவப்பு அப்படியே நிற்கும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்க்கும் பொறுமை இருந்தால் இரண்டு காரங்களைப் பிரித்தாயிற்று. அம்மோனியாவை உறுதிசெய்ய மயில்துத்த (காப்பர் சல்ஃபேட்) கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முதலில் வெளிர்நீலப் படிவு, இன்னும் விட்டால் அது கரைந்து அடர்நீலம். ஒரு சொட்டோடு நிறுத்துகிறவர்கள் படிவை மட்டும் பார்த்துக் குழம்புகிறார்கள்.

அமிலம் இரண்டுக்கும் ஆப்பசோடா நுரைக்கும், நீல லிட்மஸ் சிவக்கும், எனவே அதில் பேர் சொல்ல முடியாது. கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு வைத்து உலரவிடுங்கள். வினிகர் தடமின்றிப் போகும். எலுமிச்சை பிசுபிசுப்பாகத் தங்கும்.

பெராக்சைடுக்குப் பச்சை உருளைக்கிழங்கு சீவல். நுரை பொங்கும்போது சோதனைக் குழாயின் வாயில், நுரையைத் தொடாமல், கனன்றுகொண்டிருக்கும் ஊதுபத்தியை நீட்டினால் கனல் பளிச்சென்று கூடும், வருவது ஆக்சிஜன். வேகவைத்த கிழங்கில் நொதி செத்துவிடும், எதுவும் நடக்காது. இதைச் செய்யும் மேசையில் ஸ்பிரிட், அசிட்டோன் குப்பிகள் இருக்கவே கூடாது.

மேலூர், பள்ளி ஆய்வக உதவியாளர்:

டீச்சர் சொன்ன கண்ணாடிச் சில்லு சோதனையில் நம்ம ஊருக்கே உரிய ஒரு வில்லங்கம் இருக்கு. போர் தண்ணி. நம்ம சுத்துவட்டாரத்தில் பல போர்களில் உப்புத் தண்ணி வருது. ஒரு சொட்டு காய்ந்தால் ஓரத்தில் வெள்ளை வளையம் விழும். அதைப் பார்த்து உப்புக் கரைசல்னு எழுதிட்டு வர்றாங்க. உப்பைக் கண்டுபிடிக்க விடுற சில்வர் நைட்ரேட்டிலும் கலங்கும், அதனால் சந்தேகம் இன்னும் உறுதியாயிடும். பேட்டரித் தண்ணி (உப்பு நீக்கின சுத்தத் தண்ணி) ஒரு சொட்டு, போர் தண்ணி ஒரு சொட்டு, சாம்பிள் ஒரு சொட்டு, மூணையும் ஒரே சில்லில் பக்கத்துப் பக்கத்தில் வைங்க. ஒப்பிட ஆள் இல்லாத சொட்டை வெச்சு முடிவு பண்ணக் கூடாது. குழாய் கழுவினால் கடைசி அலசல் பேட்டரித் தண்ணியில்தான்.

அடர்த்திக்கு வருவோம். 5 மி.லி. சிரிஞ்சும் 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசும் போதும். சிரிஞ்சில் அச்சடிச்ச கோட்டை மட்டும் நம்பாதீங்க. முதலில் பேட்டரித் தண்ணியை 5 வரைக்கும் இழுத்து எடை போடுங்க. 4.88 கிராம் காட்டுதுன்னு வைங்க. அடுத்து சாம்பிளை அதே கோடு வரைக்கும் இழுத்து, வந்த எடையை 4.88-ஆல் வகுங்க. கோடு தப்பா இருந்தாலும் விகிதம் தப்பாது. மின்விசிறியை நிறுத்துங்க, இல்லைன்னா கடைசி இலக்கம் ஆடிக்கிட்டே இருக்கும். சிரிஞ்சில் ஒட்டின குமிழியைத் தட்டி வெளியேத்துங்க.

இதிலும் ஒரு எல்லை உண்டு. எத்தனால், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், அசிட்டோன் மூணும் 0.79-ஐ ஒட்டியே நிற்கும். அங்கே தராசு கைவிட்டுடும், தெர்மாகோல் மணி கைகொடுக்கும். அசிட்டோனில் மணி உடனே சுருங்கிப் பசையாகும், ஸ்பிரிட்டில் ஒண்ணும் ஆகாது. ஐசோப்ரொப்பைல் 70 சதவீதக் கரைசல் 3 மி.லி.யில் 1 கிராம் பொடியுப்பு போட்டுக் குலுக்கினால் மேலே ஒரு அடுக்கு பிரிஞ்சு நிற்கும். எத்தனாலில் சமையல் உப்பு அப்படிப் பிரிக்காது. கடையில் ஸ்பிரிட்ங்கிற பேரில் ரெண்டு வகையும் வருது, லேபிளைப் படிச்சு வாங்குங்க.

மூக்கைக் குப்பியில் வைக்கக் கூடாது, கையால் விசிறி முகரணும். ஒரு சாம்பிளை இன்னொண்ணோட கலக்கிப் பார்க்கிற விளையாட்டு வேண்டவே வேண்டாம். பிளீச்சிங் கரைசலும் அம்மோனியாவும் சேர்ந்தால் நச்சு வாயு. கழிவு வாளியும் தனித்தனியா இருக்கணும்.

மதுரை, முதுகலை வேதியியல் மாணவர்:

பிளாஸ்டிக் பகுதிக்கு என் பங்கு. மிதவைச் சோதனைக்கு நான்கு குவளை: சூரியகாந்தி எண்ணெய், தண்ணீர், 90 மி.லி. தண்ணீரில் 10 கிராம் உப்பு (அடர்த்தி 1.07), 100 மி.லி. தண்ணீரில் 36 கிராம் உப்பு (ஏறக்குறைய 1.20). தண்ணீரில் மிதந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன். தண்ணீரில் மூழ்கி 1.07-இல் மிதந்தால் பாலிஸ்டைரீன். கெட்டியான 1.20 உப்புக் கரைசலில் அக்ரிலிக் மட்டுமட்டாக மிதக்கும், சி.டி. செய்யும் பாலிகார்பனேட் தயங்கித் தயங்கி இறங்கும். பெட்டும் (PET) பி.வி.சி.யும் நேராக அடிக்குப் போகும்.

எண்ணெய்க் குவளையில்தான் நம்ம வெயில் விளையாடும். குளிர்ந்த அறையில் சூரியகாந்தி எண்ணெய் 0.92, பாலிப்ரொப்பிலீன் 0.90 முதல் 0.91, அழகாக மிதக்கும். சித்திரை வெயிலில் அறை 38 டிகிரிக்குப் போனால் எண்ணெய் 0.91-ஐ ஒட்டி இறங்கிவிடும். எண்ணெய் விரிகிற அளவுக்குப் பிளாஸ்டிக் விரியாது. காலையில் மிதந்த துண்டு மதியம் நடுவில் தொங்கும். குவளையில் வெப்பமானி போட்டு வையுங்கள், தெரிந்த மூடி ஒன்றின் துண்டையும் கூடவே விடுங்கள்.

இன்னும் துல்லியம் வேண்டுமா? ஸ்பிரிட்டில் துண்டைப் போடுங்கள், மூழ்கும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். ஒரு கட்டத்தில் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் துண்டு நடுவில் நிற்கும். அப்போது அந்தக் கலவையை மேலூர் அண்ணன் சொன்ன சிரிஞ்சு முறையில் எடை போட்டால் கிடைப்பது பிளாஸ்டிக்கின் அடர்த்தியேதான். 0.92 என்றால் பால் பாக்கெட் வகை, 0.95 என்றால் கெட்டி பாலிஎத்திலீன். சொட்டுக்கு நடுவே முப்பது விநாடி விடுங்கள், ஸ்பிரிட்டும் தண்ணீரும் கலக்கும்போது சூடாகும்.

தவறு நடக்கும் இடங்கள்: வெட்டிய ஓரத்தில் காற்றுக் குமிழி ஒட்டி, மூழ்க வேண்டியது மிதக்கும். பாத்திர சோப்பு ஒரு சொட்டு விட்டு, ஊசியால் அழுத்தி முக்கி விடுங்கள். சுண்ணாம்புத் தூளோ டால்க்கோ கலந்த பாலிப்ரொப்பிலீன் தண்ணீரில் மூழ்கி ஏமாற்றும், அதன் உடைந்த முகம் வெளிறிச் சாக்பீஸ் போலத் தெரியும். தண்ணீர் பாட்டில் பெட், அதன் மூடி வேறு பிளாஸ்டிக், இரண்டையும் ஒரே பொருளாக எழுதாதீர்கள்.

திருமங்கலம், வேதியியல் ஆசிரியை:

தம்பி விட்ட இடத்தில், பெட்டா பி.வி.சி.யா என்பதற்குச் செம்புக் கம்பி. கம்பியைச் சுடரில் பச்சை அடங்கும்வரை காய்ச்சி, சூட்டோடு பிளாஸ்டிக்கில் தொட்டு, திரும்பச் சுடரில் காட்டினால் பி.வி.சி.க்குப் பச்சைச் சுடர் எழும். குளோரின்தான் காரணம். ஆனால் குளோரின் உள்ள வேறு பொருளுக்கும் பச்சை வரும், வியர்வை பட்ட கம்பியின் உப்பே போதும், அதனால் கையால் தொடாதீர்கள். வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும். ஆசிரியர்தான் செய்ய வேண்டும், சன்னல் ஓரத்தில், ஒரு கடுகளவு பொருளோடு. போட்டியில் சுடர் அனுமதி இல்லையென்றால் நடுவர்கள் எரிசோதனையின் முடிவை அட்டையில் எழுதியே தருவார்கள், அதை வாசிக்கப் பழக்குங்கள்.

வகுப்பில் இதைச் சொல்லும்போது நம்ம தியாகராசர் பொறியியல் கல்லூரி வாசுதேவன் ஐயாவின் பிளாஸ்டிக் சாலையைச் சொல்லுங்கள். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். சுமார் 160 டிகிரியில் சூடான ஜல்லியின் மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவிப் பூசும் முறை அது. பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன், பாலிஸ்டைரீன் மூன்றும் அதில் போகலாம், பி.வி.சி.யைச் சேர்ப்பதில்லை. அதே அமிலப் புகைதான் காரணம். வகை பிரிப்பது மதிப்பெண்ணுக்கான வேலை மட்டுமில்லை என்று பிள்ளைகளுக்கு அப்போது புரிகிறது.

மேலூர், பள்ளி ஆய்வக உதவியாளர்:

ஒண்ணு விட்டுப்போச்சு. தெர்மாகோலை அப்படியே மிதக்கவிட்டு பாலிஎத்திலீன்னு எழுதுறாங்க. அது காற்று அடைச்ச பாலிஸ்டைரீன். ரெண்டு சொட்டு அசிட்டோனில் கரைச்சு, கண்ணாடியில் தடவி, ஒரு ராத்திரி காயவிட்டு, உரிச்ச ஏட்டைத் தண்ணியில் முக்கினால் மூழ்கும். சரியா காயலைன்னா உள்ளே மாட்டின அசிட்டோன் அடர்த்தியைக் குறைச்சுக் காட்டும்.