மன்னார் கடலில் கேஸ் இருந்தும் ஏன் எடுக்கவில்லை?

கூடுதாழை:
நேற்று வலை பொத்திக்கொண்டிருந்தபோது பெரியப்பா ஒரு விஷயம் சொன்னார். அக்கரையில், இலங்கைக் கடலில் கேஸ் கண்டுபிடித்தார்களாம், அப்புறம் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். உண்மையா? இருக்கிற கேஸை எதற்கு விட வேண்டும்? ரிக்கில் (கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடையில்) வேலை பார்த்த அண்ணாச்சிமார் யாராவது சொல்லுங்கள்.

திசையன்விளைக்காரன்:
பெரியப்பா சொன்னது சரிதான் தம்பி. 2011-ல் கெய்ர்ன் எண்ணெய் நிறுவனம் 'சிக்யூ' என்ற ஜப்பான் கப்பலைக் கொண்டுவந்து துளை போட்டது. டொராடோ கிணற்றில் கேஸ் இருந்தது, அடுத்து பாரகுடாவிலும் இருந்தது. 2015-ல் பிளாக்கை, அதாவது தேடுவதற்கு ஒதுக்கிய கடல்பகுதியை, இலங்கை அரசிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நான் வேறு கடல்களில் மட் லாகராக, துளையிலிருந்து வருவதைப் பார்த்துக் குறிப்பவனாக, இருந்தவன். துளை இறங்க இறங்கக் கல்துகள் சேற்றோடு மேலே வரும். சல்லடையில் அலசி உள்ளங்கையில் வைத்துப் பார்ப்போம். மணிக்கணக்கில் சாம்பல் நிறக் களிமண்தான், கேப்பைமாவு குழைத்தது போல. திடீரென்று மணல் வரும், கேஸ் மீட்டரும் ஏறும். அந்த நேரம் கேபினில் ஒருவரும் பேச மாட்டோம். அப்படிக் கண்ட கிணற்றை மூடிவிட்டு வருவது மனதுக்குக் கஷ்டம்தான்.

ஆனால் டொராடோவில் தண்ணீரே 1,354 மீட்டர். உங்கள் பெரியப்பா கணக்கில் 740 பாகம் (ஒரு பாகம் ஆறு அடி). அங்கே ஆள் முங்க முடியாது, வால்வைத் திருகுவதற்கும் ரோபோதான் போக வேண்டும். அடியில் அவ்வளவு குளிர். கேஸும் தண்ணீரும் சேர்ந்து ஐஸ் போல இறுகிக் குழாயை அடைத்துவிடும், அதைத் தடுக்க மருந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெய் என்றால் கப்பலில் ஏற்றி எங்கேயும் விற்கலாம். கேஸுக்குக் கரை வரை குழாய் போட வேண்டும், அந்த முனையில் வாங்க ஆள் வேண்டும். இலங்கையில் அன்று இயற்கை எரிவாயுவில் ஓடும் மின்நிலையம் கிடையாது. போதாக்குறைக்கு, 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய் 2015 தொடக்கத்தில் 50-க்குக் கீழே போனது. அந்த விலையில் இவ்வளவு ஆழத்தில் யார் பணம் போடுவார்கள்?

இடிந்தகரை அக்கா:
நாளைக்கு நம் பக்கமும் இப்படி வந்தால் எங்கள் தொழில் என்ன ஆகும்? கடலில் இங்கே போகாதே, அங்கே போகாதே என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

திசையன்விளைக்காரன்:
அக்கா, நீங்கள் பயப்படுவது நியாயம்தான். கடலில் நிற்கும் ஒவ்வொரு மேடையைச் சுற்றியும் 500 மீட்டர் வரை படகை விட மாட்டார்கள். அதைவிட எனக்குக் கவலை குழாய்தான். கிணறு ஆழத்தில் கிடந்தாலும் குழாய் கரையேற நம் பார்களை, மீன் கிடக்கும் கடலடிப் பாறைகளை, தாண்டித்தான் வர வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தால், குழாய் வரும் வழியை வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பார் எத்தனை பாகத்தில் கிடக்கிறது என்று பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். கூட்டத்தில் அந்தத் தாளை நீட்டிக் கேளுங்கள்.

கூடுதாழை:
சரி அண்ணாச்சி. இன்று ராத்திரியே பெரியப்பாவிடம் நோட்டோடு உட்காருகிறேன்.