பேனல் = ஏவற்பலகம்? (விளையாட்டு வழங்கிகள் குறித்த கலைச்சொல்)

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

விளையாட்டு வழங்கிகளை (பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் ஆட்டத்தை நடத்தும் 'சர்வர்'களை) உலாவி வழியாகவே நிறுவி நடத்த உதவும் 'பேனல்' என்பதற்கு இந்த இழையில் 'கட்டுப்பாட்டுப் பலகம்', 'மேலாண்மைப் பலகை', 'நிர்வாக முகப்பு' என மூன்று சொற்கள் வந்துள்ளன. எதையும் தவறென்று சொல்ல மாட்டேன். ஆயினும், ஆளும் இடமும் ஆளப்படும் பொருளும் ஒரே கணினிக்குள் இருப்பதான எண்ணத்தை இம்மூன்றும் படிப்பவர் மனத்தில் ஊன்றிவிடுகின்றன. அந்த எண்ணத்தால் வரும் குழப்பத்தை என் வீட்டிலேயே பார்த்தேன்.

கோடை விடுமுறையில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டு மாடியில், என் அக்காள் மகனும் அவன் தோழர்களும் வாடகைக்கு எடுத்த இரண்டு மெய்நிகர் கணினிகளில் டெரோடாக்டில் என்னும் பேனல் மென்பொருளை நிறுவி, கட்டைகளை அடுக்கி வீடும் ஊரும் கட்டும் மைன்கிராஃப்ட் ஆட்டத்துக்கு வழங்கி ஒன்றை நடத்தி வந்தனர். ஒருநாள் காலையில் பேனலின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகி, உலாவி அந்தப் பக்கத்தைத் திறக்க மறுத்துவிட்டது. "மாமா, கட்டினதெல்லாம் போச்சு" என்று அவன் முகம் வெளிறிக் கீழே இறங்கி வந்தான். அவன் சொல்லி முடிப்பதற்குள் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தோழன் ஒருவன் கைப்பேசியில் அழைத்து, தான் ஆட்டத்துக்குள்ளேதான் இருப்பதாகவும், வீட்டுக்குக் கூரை வேய்ந்துகொண்டிருப்பதாகவும், இவன் ஏன் இன்னும் வரவில்லை என்றும் கேட்டான்.

நடந்தது இதுதான். டெரோடாக்டிலில் பேனல் தனி, வேலை செய்யும் நிரல் தனி. பேனல் என்பது பிஎச்பி என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்ட ஒரு வலைச்செயலி. பயனர் கணக்குகளும் வழங்கிகளின் பட்டியலும் அமைப்புகளும் அதன் தரவுத்தளத்தில் இருக்கும். ஆட்டம் ஓடும் ஒவ்வொரு கணினியிலும் (அதைக் 'கணு' என்போம்) 'விங்ஸ்' என்னும் நிரல், கோ என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது, பின்னணியில் காத்திருக்கும். 'தொடங்கு' என்று நாம் பேனலில் சொடுக்கினால் அந்தச் சொல் விங்ஸிடம் போகிறது. விங்ஸ்தான் டாக்கர் என்னும் மென்பொருளால், ஆட்டம் பிறவற்றோடு கலவாமல் தனித்து ஓடும் கொள்கலன் ஒன்றை எழுப்பி, அதற்கு இவ்வளவு நினைவகம் என்று வரம்பு கட்டி, ஆடுபவர்கள் வெளியிலிருந்து வந்து இணைய 25565 போன்ற எண்ணுடைய ஒரு துறையை அதற்குத் திறந்துவிடுகிறது. ('போர்ட்' என்பதற்குத் 'துறை' வேண்டாம், அரசுத் துறைகளோடு குழம்பும் என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். பழைய துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த கடலூர்க்காரனுக்கு வேறு சொல் வாயில் வராது.) ஆகவே, பேனல் படுத்துவிட்டாலும் முன்பே எழுந்த கொள்கலன் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும், புதிய கட்டளை கொடுக்கத்தான் வழி இராது.

சுருங்கச் சொன்னால், பேனல் ஏவுகிறது; விங்ஸ் ஏவியதைச் செய்கிறது. எனவே 'ஏவற்பலகம்' என்ற சொல்லை முன்மொழிகிறேன். கல்லும் பலகையும் சேர்ந்து கற்பலகை ஆவது போல, ஏவலும் பலகமும் சேர்ந்து ஏவற்பலகம். விங்ஸ் போன்ற பின்னணி நிரலுக்கு 'ஏவலாள்' பொருந்தும். பொத்தான்களில் நாம் எழுதும் 'தொடங்கு', 'நிறுத்து' ஆகியவை இலக்கணத்திலும் ஏவல் வினைகளே என்பது கூடுதல் வசதி.

பொத்தான் என்றதும் ஒன்று. 'நிறுத்து' என்றால் மைன்கிராஃப்ட் தன் உலகத்தை வட்டில் எழுதிவிட்டு ஒழுங்காக அடங்குகிறது. அடங்கத் தாமதமானால் அதே பொத்தான் 'கில்' (கொல்) என்று மாறி நிற்கும். அதை அழுத்தினால், கடைசியாகச் சேமித்ததற்குப் பின் கட்டியவை போகலாம். பிள்ளைகள் பார்க்கும் திரையில் 'கொல்' கூடாது, 'துண்டி' போதும் என்பது சிலர் கருத்து. 'துண்டி' என்றால் இணைப்பை மட்டும் அறுப்பதாகத் தோன்றும். கை ஒரு நொடி தயங்கட்டும். 'கொல்' என்றே இருக்கட்டும்.

அன்புடன்,
கடலூரிலிருந்து

* * *

ஐயா, வணக்கம்.

தங்கள் முன்மொழிவுக்கு எனக்கு இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, இங்கே முத்தியால்பேட்டையில் 'ஏவல்' என்று சொன்னால் பில்லி, சூனியம் ஆகியவற்றோடு சேர்த்துத்தான் கேட்பார்கள். இரண்டாவதைப் பெரிதாகக் கருதுகிறேன்: பேனல் ஏவுவதோடு நிற்பதில்லை. எவ்வளவு நினைவகம் செலவாகிறது, முனையத்தில், அதாவது வழங்கி எழுதும் வரிகள் வரும் கட்டத்தில், என்ன செய்தி ஓடுகிறது, கணு உயிரோடு இருக்கிறதா என்பதையெல்லாம் அதுவே காட்டுகிறது. புயல் நாள்களில் புதுச்சேரி, கடலூர் துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதைப் போன்ற வேலை அது. கூண்டு யாரையும் ஏவுவதில்லை. பாதிப் பணியை மட்டும் சொல்லும் பெயர் எப்படி நிற்கும்?

புதுச்சேரியிலிருந்து

* * *

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

முதல் தடை எனக்கு மகிழ்ச்சியையே தருகிறது. பின்னணி நிரல்களை ஆங்கிலத்தில் 'டீமன்' என்கிறார்கள். 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மேக் என்னும் கணினி ஆய்வுத் திட்டத்தில் பணியாற்றியவர்கள், மூலக்கூறுகளை ஓயாமல் பிரித்து வைப்பதாக இயற்பியலாளர் மாக்ஸ்வெல் கற்பனை செய்த பூதத்தை (டீமன்) நினைவில் வைத்தே அப்பெயரை இட்டனர். கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் இருந்து வேலை பார்ப்பது என்ற கருத்து நம் 'ஏவலில்' ஏற்கெனவே இருக்கிறது. முத்தியால்பேட்டையார் சிரித்தால் சிரிக்கட்டும், சொல் மறக்காது.

இரண்டாவது தடை நியாயமானது; அதற்காக என் முன்மொழிவைத் திருத்திக்கொள்கிறேன். நீங்கள் சொல்லும் கூண்டைப் போல நிலையை மட்டும் காட்டி, கட்டளை எதையும் ஏற்காத திரைகளும் உள்ளன. அவற்றை 'டாஷ்போர்டு' என்கிறோம். அவற்றுக்கு 'நிலைப்பலகம்' என்று பெயரிட்டால், ஏவவும் முடிகிற பலகத்தை அதிலிருந்து பிரித்துக் காட்ட ஏவற்பலகம் என்ற பெயர் தேவைப்படுகிறது. ஏவுகிறவன் நடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் ஏவுவான். ஆகவே ஏவற்பலகத்துக்குள் ஒரு நிலைப்பலகம் அடங்கியிருப்பதில் முரண் இல்லை. இரண்டையும் இணையாகவே சொற்பட்டியலில் ஏற்றலாம் என்பது என் வேண்டுகோள்.

இனி ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. ஓர் ஆட்டத்தை நிறுவும் வழிமுறையும் தொடக்கக் கட்டளையும் அடங்கிய கோப்பை டெரோடாக்டில்காரர்கள் 'எக்' (முட்டை) என்றும், அவற்றின் தொகுப்பை 'நெஸ்ட்' (கூடு) என்றும் அழைக்கிறார்கள். 'கூடு' பற்றி எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் 'முட்டை' என்று போட்டால், கணக்கில் முட்டை வாங்கிய நினைவு நம் பிள்ளைகளுக்கு முதலில் வரும். அதற்கு உங்கள் பக்கத்திலிருந்து ஒரு சொல் வரட்டும்.

கடலூரிலிருந்து