டாப் மாடல் பத்தாவது சீசன்: விட்னியின் வெற்றி முன்பே முடிவு செய்யப்பட்டதா?

தறிநூல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் மே வரை அமெரிக்காவின் சிடபிள்யூ தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'அமெரிக்காஸ் நெக்ஸ்ட் டாப் மாடல்' என்ற மாடலிங் போட்டி நிகழ்ச்சியின் பத்தாவது சீசனை அண்மையில் முழுவதுமாகப் பார்த்து முடித்தேன். பதினான்கு பெண்களோடு நியூயார்க்கில் தொடங்கி ரோமில் முடிகிற அந்த சீசனில், ஃபாத்திமா சியாத் மூன்றாமிடத்தோடு வெளியேற, வெர்சாச்சே ஆடைகளை அணிந்து நடந்த இறுதிச் சுற்றுக்குப் பின் ஆன்யா காப்பைத் தோற்கடித்து விட்னி தாம்சன் பட்டம் வென்றார். நிகழ்ச்சியின் வரலாற்றில் பட்டம் வென்ற முதல் பிளஸ் சைஸ் (வழக்கமான மாடல்களைவிடப் பெரிய உடல்வாகு கொண்ட) மாடல் அவர்தான்.

விட்னியின் மீது எனக்கு எந்தக் காழ்ப்பும் இல்லை. ஆனால் நடுவர் குழு அவரைப் பற்றிச் சொன்னவற்றைக் கோத்துப் பார்த்தால், அழகிப் போட்டியில் நிற்பவரைப் போலப் புன்னகைக்கிறார், இயல்பாக இல்லை என்ற குறைதான் மீண்டும் மீண்டும் வருகிறது. படங்களை மட்டும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஆன்யாவே முந்தி நிற்பதாக எனக்குப் படுகிறது. அப்படியிருக்கக் கடைசி அரை மணி நேரத்தில் தராசு எப்படிச் சாய்ந்தது? பிளஸ் சைஸ் வெற்றியாளர் ஒருவர் வேண்டும் என்று தயாரிப்புத் தரப்பு முன்பே எண்ணியிருந்ததா, அல்லது தீர்ப்பு முறையிலேயே இதற்கு விடை இருக்கிறதா? தொடக்க சீசன்கள் முதல் பார்த்து வருபவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

கூர்நோக்கு

முன்பே முடிவு செய்தார்களா என்று கேட்பதைவிட, வெற்றி பெறுபவர் எந்த வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார் என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் கருத்து. அந்த சீசனின் பரிசுகளைப் பாருங்கள்: எலீட் மாடல் நிறுவனத்தின் ஒப்பந்தம், கவர்கேர்ள் ஒப்பனைப் பொருள் நிறுவனத்தின் 1,00,000 டாலர் ஒப்பந்தம், 'செவன்டீன்' இதழின் அட்டைப்படம். மூன்றில் ஒன்றுதான் மாடலிங் துறையின் உள்வாசல். மற்ற இரண்டும் கடையில் மஸ்காரா வாங்கும் பெண்ணையும் பதின்வயது வாசகியையும் நோக்கியவை. அதனால்தான் இறுதிக்கட்டத்தில் கவர்கேர்ள் விளம்பரப் படப்பிடிப்பு என்றொரு தேர்வு அக்காலத்தில் இடம்பெற்றது. அங்கே அசையாமல் நிற்கும் முகம் போதாது; கேமராவைப் பார்த்துத் தடுமாறாமல் பேச வேண்டும், அந்தப் பேச்சில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் இயல்பு இருக்க வேண்டும். புகைப்படத்தில் வேற்றுலகத்தவரைப் போலத் தோன்றிய ஆன்யாவுக்கு வாய் திறந்து பேசுவதே பெரிய சோதனையாக இருந்தது. விட்னியின் குறையாகச் சொல்லப்பட்ட அந்தப் புன்னகையோ அவ்விடத்தில் அவருடைய முதலீடாகிவிட்டது.

மாடல்கள் அளவுக்கு மீறி மெலிவது சர்ச்சையாகியிருந்த காலச்சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2006 ஆகஸ்டில் உருகுவே நாட்டு மாடல் லூயிசெல் ராமோஸ் ஒரு ஃபேஷன் காட்சியின்போதே மயங்கி விழுந்து இறந்தார். அடுத்த மாதம் மாட்ரிட் ஃபேஷன் வாரத்தில், உடல் நிறைக் குறியீட்டெண் 18-க்குக் குறைவான மாடல்களுக்கு மேடையேறத் தடை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் பிரேசிலின் ஆனா கரோலினா ரெஸ்டன் உயிரிழந்தார். 2007 தொடக்கத்தில் அமெரிக்க ஃபேஷன் வடிவமைப்பாளர்கள் சங்கமும் மாடல்களின் உடல்நலம் குறித்த வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதே சமயத்தில் நீச்சலுடையில் இருந்த டைரா பேங்க்ஸின் படங்களைப் பரபரப்பு இதழ்கள் கேலியான தலைப்புகளோடு வெளியிட, அவர் தம் உரையாடல் நிகழ்ச்சியின் மேடையில் அதே நீச்சலுடையோடு வந்து நின்று பதிலடி கொடுத்தார். ஓராண்டு கழித்து ஒளிபரப்பான ஒரு சீசனில், அவரே படைத்து, அவரே தயாரித்து, அவரே தலைமை நடுவராக அமர்ந்த நிகழ்ச்சியில், முழு உடல்வாகு கொண்ட பெண்ணுக்குக் கதவு சற்று அகலமாகத் திறந்திருந்ததில் வியப்பில்லை. அதைச் சதி என்று நான் சொல்லமாட்டேன். விருப்பம் என்று சொல்வேன்.

டைராவின் சொந்தத் தொழில்வாழ்வும் இதற்கு ஒரு காரணம். பாரிஸ், மிலான் மேடைகளில் தொடங்கிய அவர், உடல்வாகு மாறியபோது 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' நீச்சலுடை இதழ், விக்டோரியாஸ் சீக்ரெட் என்று வணிகப் பக்கம் திரும்பி அங்கேதான் உச்சத்தைத் தொட்டார். 1997-இல் அந்த நீச்சலுடை இதழின் அட்டையில் தனியாக இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். அப்படிப்பட்ட ஒருவர் விட்னியிடம் தம்மைக் கண்டிருக்கக்கூடும்.

இருட்டறை

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் படங்களை இவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியாது. படப்பிடிப்பில் எடுக்கப்படும் எண்ணற்ற படங்களில் ஒரே ஒரு சட்டகம்தான் நடுவர் மேசைக்கு வருகிறது. இறைச்சிக் கிடங்கின் குளிரறையில், பச்சை இறைச்சித் துண்டுகளையே உடையாக அணிவித்து எடுத்த அந்த சீசனின் படப்பிடிப்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உடல் நடுங்கும்போது தோள்கள் தாமாகவே காதை நோக்கி ஏறும், கழுத்து மறைந்துவிடும். அந்த நேரத்தில் தோளைக் கீழே இறக்கி, தாடையைச் சற்றே முன்னால் நீட்டி, கண்ணில் மட்டும் ஒரு செய்தியை வைத்திருப்பதுதான் தொழில். ஆன்யாவுக்கு அது கைவந்தது. விட்னியின் முகம் அழகான முகம்தான், ஆனால் பல படங்களில் வாய் ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்லும். ஒப்பந்தம் யாருக்குப் பொருந்தும் என்பது வேறு, யார் சிறந்த மாடல் என்பது வேறு. நிகழ்ச்சியின் பெயர் இரண்டாவதைத்தான் வாக்குறுதியாகத் தருகிறது.

தறிநூல்

இருவருக்கும் நன்றி. கூர்நோக்கு அவர்களிடம் ஒரு துணைக்கேள்வி: பரிசுதான் வெற்றியாளரைத் தீர்மானிக்கிறது என்றால், பரிசு மாறிய சீசன்களில் வெற்றியாளரின் வகையும் மாறியிருக்க வேண்டும் அல்லவா? அப்படி ஏதேனும் சான்று உண்டா?

கூர்நோக்கு

உண்டு, நல்ல கேள்வி. ஏழாவது சீசன் முதல் பதினான்காவது சீசன் வரை வெற்றியாளரின் படம் 'செவன்டீன்' இதழுக்குச் சென்றது. 2010-இல் வந்த பதினைந்தாவது சீசனில் அந்த இடத்தை 'வோக் இத்தாலியா' என்ற உயர்ரக ஃபேஷன் இதழ் பிடித்தது; மாடல் நிறுவனமும் ஐஎம்ஜி ஆக மாறியது. அந்த முறை வென்றவர் ஆன் வார்ட்: ஆறடி இரண்டங்குல உயரம், மிக மெலிந்த உடல், நேரில் பேசக் கூசுகிற சுபாவம், படத்தில் மட்டும் விழித்துக்கொள்ளும் முகம். செவன்டீன் காலத்தில் அவர் இறுதிவரை வந்திருப்பாரா என்பதே ஐயம். அதே நேரத்தில் கவர்கேர்ளின் 1,00,000 டாலர் ஒப்பந்தம் அந்த சீசனிலும் தொடர்ந்தது என்பதால், என் முதல் பதிவில் ஒப்பனை நிறுவனத்துக்குக் கொடுத்த கனத்தில் ஒரு பங்கை இதழுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விட்னியின் அட்டைப்படம் எந்த வயதுப் பெண்களின் கையில் போய்ச் சேரப்போகிறது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இடையில் பதின்மூன்றாவது சீசனில் ஐந்தடி ஏழு அங்குலத்தைத் தாண்டாத பெண்களை மட்டும் சேர்த்துக்கொண்டு நிக்கோல் ஃபாக்ஸை வெற்றி பெறச் செய்தார்கள். ஒவ்வொரு சீசனையும் ஒரு விளம்பர வாசகத்தில் அடக்க வேண்டிய கட்டாயம் தொலைக்காட்சிக்கு இருக்கிறது. அது மாடலிங் துறைக்கு இல்லை.

மூன்றாம்வரிசை

இந்த உரையாடலில் படத்தொகுப்பைப் பற்றி இதுவரை யாரும் பேசாதது எனக்கு ஆச்சரியம். நாம் பார்ப்பது பல நாள் பதிவிலிருந்து சுருக்கிய ஏறத்தாழ நாற்பது நிமிடம். அதில் யாருடைய எந்தச் சொல் இடம்பெற வேண்டும், எது யாருடைய அழுகைக்கு முன்னால் வர வேண்டும் என்று முடிவு செய்பவர்களுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியில் கதைத் தயாரிப்பாளர்கள் என்று பெயர். இதே நிகழ்ச்சியில் அந்தப் பணியில் இருந்தவர்கள் 2006 ஜூலையில், எழுத்தாளர் சங்கத்தின் பாதுகாப்பு தங்களுக்கும் வேண்டும் என்று கோரி வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்கள் வேலை எழுத்து வேலையே என்பதுதான் அவர்களுடைய வாதம். நிர்வாகம் இணங்கவில்லை, அவர்கள் இல்லாமலேயே நிகழ்ச்சி தொடர்ந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தறிநூல் குறிப்பிட்ட அந்த 'அழகிப் போட்டிப் புன்னகை' விமர்சனம் வாராவாரம் நம் காதில் விழுந்ததற்கும், அது நடுவர் அறையில் எத்தனை முறை பேசப்பட்டது என்பதற்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டிய அவசியமில்லை. படத்தொகுப்பு நடக்கும்போது முடிவு தெரிந்திருக்கிறது. வெல்லப்போகிறவர் தொடக்கம் முதலே மாசற்றவராகத் தெரிந்தால் பதின்மூன்று வாரம் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? குறையோடு காட்டி, கடைசியில் அதைக் கடந்துவரச் செய்வதுதான் கதைக்கு வசதி. ஆகவே திரையில் கண்ட விமர்சனத்தை மதிப்பெண் பட்டியலாக எடுத்துக்கொண்டு, அதற்கும் முடிவுக்கும் உள்ள முரணைத் தேடுவதில் பயன் குறைவு. படங்களைப் பற்றி இருட்டறை சொல்வதை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை, ஏனென்றால் அவை வெட்டி ஒட்டப்படாமல் நம் முன்னால் முழுதாக இருக்கின்றன.

இருட்டறை

ஒப்புக்கொண்டதற்கு நன்றி. என் தரப்பிலிருந்தும் விட்னிக்குச் சேர வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வடிவமைப்பாளர்கள் ஒரு தொகுப்பை உருவாக்கும்போது மாதிரி ஆடைகளை ஒரே சிறிய அளவில்தான் தைக்கிறார்கள். படப்பிடிப்புக்கு வருவதும் அவையே. உடலில் ஏறாத ஆடையின் முதுகுப்பக்கத்தைத் திறந்துவிட்டு, ஊக்கு குத்தி, முன்பக்கம் மட்டும் தெரியும்படி நிற்க வைத்தால் அந்தப் பெண்ணால் திரும்பவோ குனியவோ முடியாது. மற்றவர்களுக்குப் பத்து நிலைகள் இருக்கும்போது அவருக்கு மூன்றுதான் கிடைக்கும். பிளஸ் சைஸ் போட்டியாளர்கள் படங்களில் 'விறைப்பாக' இருப்பதாக நடுவர்கள் குறை சொல்லும் போதெல்லாம், அந்தச் சட்டகத்துக்கு வெளியே ஊக்குகள் எத்தனை இருந்தன என்று கேட்கத் தோன்றும்.

மூன்றாவது சீசனின் டொக்காரா ஜோன்ஸை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அவர் பட்டம் வெல்லவில்லை, இறுதிச் சுற்றுக்குக்கூட வரவில்லை. ஆனால் விட்னி வென்று இரண்டு மாதம் கழித்து, 2008 ஜூலையில், கறுப்பின மாடல்களை மட்டுமே கொண்டு வெளிவந்த 'வோக் இத்தாலியா' சிறப்பிதழில், ஸ்டீவன் மைசெல் எடுத்த படங்களில் டொக்காராவும் இருந்தார். பட்டம் வென்றவருக்கு அந்த சீசனில் கிடைத்த இதழ் செவன்டீன்.

தறிநூல்

டொக்காராவின் செய்தி எனக்குப் புதிது. பதினைந்தாவது சீசனை அடுத்துப் பார்க்க எண்ணியிருக்கிறேன். இடையில் உள்ளவற்றைத் தவிர்த்துவிட்டுப் போனால் ஏதேனும் இழப்பேனா?

கூர்நோக்கு

நடுவர் குழுவின் மாற்றத்தைத் தவிரப் பெரிதாக எதையும் இழக்கமாட்டீர்கள். பத்தாவது சீசனில் புதிதாக வந்த பவ்லினா பொரிஸ்கோவா பன்னிரண்டோடு விலகிவிட்டார். பதினான்கில் வோக் இதழின் ஆந்த்ரே லியோன் டேலி வந்து அமர்ந்தார். உயர்ரக ஃபேஷன் பக்கம் நிகழ்ச்சி திரும்பியது அவருடைய வருகையிலிருந்துதான் என்பேன், ஆகவே பதினான்கின் கடைசிச் சில பகுதிகளையாவது பார்த்துவிட்டுப் பதினைந்துக்குச் செல்லுங்கள். ஆன் வார்டின் முதல் வாரப் படங்களையும் ஆன்யாவின் முதல் வாரப் படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பின் உங்கள் எண்ணத்தை இந்த இழையிலேயே எழுதுங்கள். இருட்டறையும் நானும் அதற்குள் வேறு ஏதாவது ஒன்றில் முட்டிக்கொண்டிருப்போம்.